இட்லிக் கொப்பரையும் என் இடுப்பும்

முதல்ல காணாமப் போனது என் இடது கால் செருப்புதான். அங்கயிருந்து ஆரம்பிச்சாத்தான் எனக்குச் சரியா வரும். "இடுப்பு வலியிலருந்து சொல்லுங்க அத்தை, ஆஸ்பத்திரிக் கதைன்னா அப்படித்தானே ஆரம்பிப்பாங்க"ங்கறா ரேவதி. ரேவதி என் மருமக. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல அவதான் போன்ல அடிக்கிறா. அடிக்கிறவ அடிச்சாப் போதும். செருப்புதான் முதல்ல.

வங்காளத்துல, பெஹாலாவுல எங்க வீடு மாடியில. லிஃப்ட் கிடையாது. ஒருநா மார்க்கெட்டுக்குப் போயி நல்லா பிஞ்சு முருங்கைக்காயா பார்த்து வாங்கிட்டு வர்றேன். இந்த ஊர்ல முருங்கைக்காய் நல்லாவே கிடைக்கும், ஆனா கடுகு அரைச்சு ஊத்தி என்னமோ பண்ணுவாங்க, அது நமக்கு ஒத்துக்கிடாது. அது கிடக்கட்டும். பாதி மாடி ஏறிட்டேன். கீழ் வீட்டு மிதாலி கீழயிருந்து சத்தம் போடுறா.

"மாஷிமா! ஒத்தைச் செருப்போட எங்க கிளம்பிட்டீங்க?"

மாஷிமான்னா பெரியம்மா, சின்னம்மா மாதிரி. இங்க வயசான பொம்பளைய எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. நான் குனிஞ்சு பார்க்கிறேன், இடது காலு வெறுங்காலு. செருப்பு கேட் வாசல்ல கிடக்குது. அவ அதை ஒத்தை விரல்ல மாட்டித் தூக்கிக் காட்டுறா. சிரிச்சோம். சாயங்காலம் குமார் ஆபீஸ்லருந்து வந்ததும் அவன்கிட்டச் சொல்லிச் சிரிச்சோம். குமார் என் மகன். "அம்மாவுக்கு வயசாயிருச்சு, இனிமே செருப்புக்குக் கயிறு கட்டி விடணும்"னான்.

செருப்பு கழண்டது அந்தக் காலுக்கே தெரியலையேன்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்கும் தோணல.

இடுப்பு வலி அதுக்கு முன்னாடியே வந்துருச்சு. பூஜோ சமயம், அதான் துர்கா பூஜை, எங்க பில்டிங்ல ஒரு மத்தியானம் எல்லாருக்கும் இட்லி போடச் சொன்னாங்க. நானே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டதுதான். நான் கல்யாணமாகி மதுரப் பக்கத்துலருந்து இந்தச் சீமைக்கு வந்தப்ப என் சாமானுன்னு வந்தது ஒரு பித்தளைக் கொப்பரை. வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். அவரு போயிட்டாரு, கொப்பரை இருக்கு. அதை வச்சுத்தான் அன்னைக்கு ஊருக்கே இட்லி அவிச்சேன். குனிஞ்சு தட்டை எடுக்கிறது, குனிஞ்சு வைக்கிறதுன்னு பொழுதுக்கும் அதே வேலை. வங்காளிங்க சாம்பாரைக் கிண்ணத்துல வாங்கிக் குடிக்கிறாங்க! எனக்கு ஒரே சந்தோஷம். மறுநா எந்திரிக்க முடியல.

தைலம் தேச்சுப் பார்த்தோம், மாத்திரை போட்டுப் பார்த்தோம். தெருமுனை டாக்டர் அமுக்கிப் பார்த்துட்டு, தசைப்பிடிப்புன்னாரு. தசை எதையோ கண்டு பயந்து போயி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குதாம். சூடு குடுத்தா விடும், ஆனா வீட்டுல ஒத்தடம் குடுக்கிறது போதாது, பெரிய ஆஸ்பத்திரியில அதுக்குன்னு மெஷின் இருக்குன்னு எழுதிக் குடுத்தாரு.

பெரிய ஆஸ்பத்திரியில போர்டு போர்டா எழுதி வச்சிருப்பாங்க. எனக்கு அதனால என்ன பிரயோசனம்? பள்ளிக்கூடம் போகாதவளுக்கு மூக்குதான் போர்டு. வாசல்ல டீயும் பிஸ்கட்டும் மணக்கும். உள்ள நுழைஞ்சா பினாயில். ரத்தம் எடுக்கிற இடத்துல ஸ்பிரிட்டு வாடை. அதைத் தாண்டித் திரும்பினா துவைச்ச துணி ஆவியில வேகற வாடை வரும், அதுதான் பிசியோதெரபி. ரேவதி போர்டைப் படிச்சுக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நான் போய் நின்னுருவேன்.

காத்திருக்கிற இடத்துல இரும்பு நாற்காலி. எல்லாரும் ஒரு பக்கமா சாய்ஞ்சு உக்காந்திருப்பாங்க, காத்துல சாஞ்ச பயிரு மாதிரி. நோயாளிய மட்டும் உள்ள விடுவாங்க, கூட வந்தவங்க வெளியிலதான். அதனால உள்ள நடந்தது எதுவும் ரேவதிக்குத் தெரியாது. இதை மனசுல வச்சுக்குங்க.

உள்ள மௌமிதான்னு ஒரு பொண்ணு. ஜாதவ்பூர்க்காரி, ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, சடுதியா பேசுவா. மூலையில இருந்த எவர்சில்வர் தொட்டி பக்கம் போனா. முழங்கால் உசரம், கீழ சக்கரம், ஒரு சிவப்பு லைட்டு. மூடியத் தொறந்தா குப்புன்னு ஆவி. உள்ள சுடுதண்ணிக்குள்ள கம்பியில வரிசையா கித்தான் பைங்க தொங்குது. ஒரு பையை இடுக்கியால தூக்கித் தண்ணிய வடிய விட்டா.

எனக்குச் சிரிப்பு தாங்கல. "அடியே, இது இட்லிக் கொப்பரைடி!"ன்னேன். தமிழ்லயே சொல்லிட்டேன். அப்புறம் என் மார்க்கெட்டு வங்காளியில விளக்கினேன். அவளுக்கும் சிரிப்பு வந்துருச்சு. "அப்ப இன்னைக்கு நீங்கதான் சாம்பார், மாஷிமா. கவுந்து படுங்க"ன்னா.

அந்தப் பைக்குள்ள களிமண்ணு மாதிரி ஒண்ணு இருக்குதாம். தண்ணியக் குடிச்சு உப்பி, சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மெல்ல மெல்ல விடுமாம். தொட்டித் தண்ணி கொதிக்காது, ஆனா கைய விட்டா வெந்துரும். அதனால பையை அப்படியே மேல வைக்கவே கூடாது. டவலை மடிச்சு, இன்னொண்ணு மடிச்சு, அதுக்கு மேல இன்னொண்ணுன்னு சுத்தி, பச்சைப் பிள்ளையப் பொதிஞ்ச மாதிரி கொண்டாந்து என் இடுப்பு மேல வச்சா. ஈரச் சூடு. சுள்ளுன்னு சுடாது. கொஞ்சங்கொஞ்சமா உள்ள இறங்கும். ரத்தம் ஓடி, இறுகின தசை விட்டுக் குடுக்கும். எனக்குக் கண்ணு சொருகிருச்சு.

"கொரம் லாக்ச்சே?"ன்னு கேட்டா. சூடு தெரியுதாங்கறா.

"ஆரோ!"ன்னேன். இன்னும்!

என்னத்துக்கு அப்படிச் சொன்னேன்? ஜம்பந்தான். இந்தக் கை தோசையை விரலாலயே திருப்பிப் போடுற கை. கொப்பரையிலருந்து தட்டைத் துணி இல்லாமத் தூக்குவேன். எங்க வீட்டுப் பொம்பளைங்க சூடு தாங்குறதுல பேர் போனவங்க. ஒரு டவலை உருவுடின்னு கெஞ்சினேன். அவ அசையல.

"நீங்க கேட்டாத் தர மாட்டேன் மாஷிமா. உங்க வாய நான் நம்ப மாட்டேன், தோலைத்தான் நம்புவேன்"னா. அஞ்சாறு நிமிசத்துக்கு ஒருக்கா டவல் நுனியத் தூக்கி, தோலு எவ்வளவு செவந்திருக்குன்னு பார்ப்பா. இன்னொண்ணும் சொன்னா. பை உங்க மேல இருக்கணும், நீங்க பை மேல படுக்கக் கூடாது. படுத்தா உடம்பு கனத்துல டவல் நசுங்கி, நடுவுல இருக்கிற காத்து போயி, சூடு நேரா ஏறிரும்னா. சரி சரின்னேன். எனக்கென்ன, சுகமா இருக்குது.

வீட்டுக்கு வந்தா அரைநாளு தேவலை. அப்புறம் பழையபடி பிடிச்சுக்கும். ஆட்டோ பிடிச்சு, பஸ்ஸு ஏறி, திரும்பிப் படியேறுறதுக்குள்ள பட்ட சுகமெல்லாம் போயிரும். குமாருக்கு நியூ டவுன்ல ஆபீஸ், அவன் ஊரச் சுத்திப் போயிட்டு வரணும், அவனால வர முடியாது. ரேவதி வீட்டுல ட்யூஷன் எடுக்கிறவ, பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிட்டுத்தான் எங்கூட வருவா. ஒருநா நான் படியில உக்காந்து மூச்சு வாங்குறதைப் பார்த்துட்டு, "ஏன் அத்தை, நம்ம வீட்டுலயே கொப்பரை இருக்குதே?"ன்னா.

அதான் கதை. அந்த ஒரு வார்த்தைதான்.

என் பழைய நூல் சேலையைக் கிழிச்சுப் பை தைச்சா. அதுக்குள்ள புழுங்கரிசி போட்டு வாயத் தைச்சா. கொப்பரையில இட்லித் தட்டு வைக்கிற இடத்துல அந்தப் பையை வச்சு, ஆவி வர மூடி அவிச்சு, டவல்ல சுத்திக் கொண்டாந்தா. வீடே பொங்கல் வாசம்! "தைப்பொங்கல் என் இடுப்புலயாடி?"ன்னு கேட்டேன், அவ விழுந்து விழுந்து சிரிச்சா. ட்யூஷன் பிள்ளைங்க எல்லாம் எட்டி எட்டிப் பார்த்துச்சுங்க. எவ்வளவு ஆசையா பண்ணினா தெரியுமா! சொந்த மக பண்ண மாட்டா. தினமும் சாயங்காலம் ட்யூஷன் முடிச்ச கையோட பை வந்துரும்.

நான் அதை விரிச்சு அது மேல மல்லாந்து படுத்துக்குவேன். அப்பத்தானே டிவி தெரியும்? மௌமிதா சொன்னது ஞாபகம் இருந்துச்சா இல்லையான்னு கேட்டா, இருந்துச்சு. மெஷினுக்குச் சொன்னது நம்ம வீட்டு அரிசிக்கு எதுக்குன்னு நினைச்சேன்.

வலி குறைஞ்சுது. நிசமாவே குறைஞ்சுது. எல்லாருக்கும் அத்தனை சந்தோஷம். கீழ மிதாலி, மாமியாருக்கு முழங்கால் வலின்னு ஒரு பை கேட்டா. குமார் பொண்டாட்டிக்கு டாக்டர் பட்டம் குடுத்தான்.

அதோட சேர்ந்து வேற சிலதும் நடந்துச்சு. நான் சொல்லல. உக்காந்தா, மெத்தை மேல உக்காந்த மாதிரி இருக்கும். வெறும் தரையில உக்காந்தாலும் அப்படித்தான், எனக்கும் தரைக்கும் நடுவுல எதையோ மடிச்சுப் போட்ட மாதிரி. தாளிக்கும்போது எண்ணெய் தெறிச்சு இடது கால்ல கொப்புளிச்சிருந்துச்சு, எப்பத் தெறிச்சுதுன்னு தெரியல. அப்புறம் ஒண்ணுக்கு. முக்கினாத்தான் வரும். வந்தாலும் சொட்டுச் சொட்டா. ஆஸ்பத்திரி, மார்க்கெட்டுன்னு வெளிய போற நாள்ல நான் காலையிலருந்து தண்ணியே குடிக்க மாட்டேன், அங்க பாத்ரூமுக்கு யாரு போயி நிக்கறதுன்னு. நம்ம பொம்பளைங்க எல்லாரும் செய்யறதுதானே? அதனால வரலைன்னா, குடிக்கல, வரலைன்னு இருந்துட்டேன். அந்த இடம் மரத்துப் போச்சுன்னு மகன்கிட்டச் சொல்ல முடியுமா? மருமககிட்டத்தான் எப்படிச் சொல்றது? வயசானா எல்லாம் மரத்துத்தான் போகும்னு வாய மூடிக்கிட்டேன்.

வலி குறையுது, வலி குறையுதுன்னு வீடே கொண்டாடிக்கிட்டு இருந்துச்சு. உள்ள குறைஞ்சுக்கிட்டு இருந்தது வேற.

ரொம்ப நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "இனிமே வர வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன், எங்க வீட்டுலயே கடை வச்சாச்சு"ன்னு மௌமிதாகிட்டப் பெருமையடிச்சேன். அவளும் சிரிச்சுக்கிட்டே, "வந்தது வந்தீங்க, கடைசியா ஒருக்கா போட்டுக்குங்க"ன்னு கவுந்து படுக்கச் சொன்னா. பையைத் தூக்கிட்டு வர்ற காலடிச் சத்தம் கேட்டுச்சு. சேலையக் கொஞ்சம் இறக்கினா. பையை வைக்கல.

"மாஷிமா, இது என்ன?"

"எது?"

"இந்தப் புண்ணு. இவ்வளவு பெரிசா கொப்புளிச்சிருக்கு. பாதி உரிஞ்சே போச்சு. வலிக்கலையா?"

"எங்க?"

"இங்க."

"இங்கன்னா எங்கடி?"

தொட்டிக்குள்ள தண்ணி முணுமுணுங்கிற சத்தம் மட்டும் கேக்குது. பையைத் திருப்பித் தொட்டியில போட்டு மூடியச் சாத்தினா. என் கண்ணை ஒரு துண்டால கட்டினா. ரெண்டு கண்ணாடிக் குழாயில, ஒண்ணுல சுடுதண்ணி, ஒண்ணுல ஐஸ் தண்ணி வச்சிருக்கேன், மாத்தி மாத்தித் தொடுவேன், சூடா பச்சையா, அதான் ஜில்லுன்னு இருக்கான்னு சொல்லுங்கன்னா. முத நாள் வந்தப்பவும் இடுப்புல இதைப் பண்ணினா. அப்ப எல்லாம் சரியாத்தான் சொன்னேன். இப்ப முதுகுல வச்சா, சூடுன்னேன். இடுப்புல வச்சா, பச்சைன்னேன். பரவாயில்லையேன்னு இருந்தேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பண்ணல.

"தொடுடி, தொட்டுட்டுக் கேளு"ன்னேன்.

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மாஷிமா"ன்னா.

எத்தனையோ சாவு பார்த்திருக்கேன், ரயிலடியில குடியிருந்தவ. எனக்கு அப்படி ஒரு நடுக்கம் வந்ததில்ல. என் உடம்பை ஒருத்தி தொட்டுக்கிட்டு நிக்கிறா, அந்த இடத்துல நான் இல்ல.

கடைசியா ஒண்ணுக்கு எப்பப் போனீங்கன்னு கேட்டா. தண்ணி குடிக்கலம்மான்னேன். நேத்து? நேத்தும் சரியா இல்லைன்னேன். உக்கார்ற இடம் மரத்திருக்கான்னு கேட்டா. யாருகிட்டயும் சொல்லாததை அந்த வங்காளிப் பொண்ணு கேக்குறா. தலைய மட்டும் ஆட்டினேன். "எந்திரிக்காதீங்க, அப்படியே இருங்க"ன்னு சொல்லிட்டு ஓடினா. எப்பவும் அளந்து நடக்கிறவ, செருப்புச் சத்தம் கேக்க ஓடினா.

அதுக்கப்புறம் நான் நடக்கல. வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. எம்ஆர்ஐன்னு ஒரு குகைக்குள்ள தள்ளினாங்க. உள்ள டமடமன்னு அடிக்குது, பூஜோ பந்தல்ல டாக் மேளம் அடிப்பாங்களே, அந்த மாதிரி. ஆனா சாமி இல்லாத மேளம். அசையக் கூடாதுன்னுட்டாங்க. அசையறதுக்கு எனக்கும் தைரியம் இல்ல.

பெரிய டாக்டரு வந்து விளக்கினாரு. முதுகெலும்புல கட்டைக்குக் கட்டை நடுவுல ரப்பர் வாஷர் மாதிரி ஒண்ணு இருக்குதாம். என் வீட்டுக்காரரு இருந்திருந்தா உடனே புரிஞ்சிருக்கும். அதுல ஒண்ணு பிதுங்கி வெளிய வந்துருச்சு. அந்த இடத்துல நரம்பெல்லாம் குதிரை வாலு மாதிரி கொத்தாத் தொங்குமாம். கொத்தோட சேர்த்து நசுக்குது. காலுக்குப் போற நரம்பு, ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போற நரம்பு, உக்கார்ற இடத்து நரம்பு எல்லாம் அதுக்குள்ள. தசைப்பிடிப்பா ஆரம்பிச்சது தசையோட நிக்கல. "இன்னைக்கே ஆபரேஷன். பண்ணலைன்னா காலு போயிரும், ஒண்ணுக்கும் இனி தானா வராது. பண்ணினாலும் எவ்வளவு திரும்பி வரும்னு இப்பச் சொல்ல முடியாது"ன்னாரு.

இதைப் படிக்கிற பொம்பளைங்ககிட்ட ஒண்ணு சொல்லிக்கிறேன். இடுப்பு வலியோட உக்கார்ற இடம் மரத்துப் போனாலோ, ஒண்ணுக்கு வரலைன்னாலோ, வெக்கப்படாம அன்னைக்கே ஆஸ்பத்திரியில போயிச் சொல்லுங்க. வெக்கம் அப்புறம் பட்டுக்கலாம். எனக்கு ஒண்ணுக்குப் போகக் குழாய் போட்ட நர்ஸு, பை நிரம்பி வழியிறதைப் பார்த்துட்டு "மா கோ!", ஐயோ அம்மான்னு வாயில கை வச்சா. அவ்வளவும் உள்ளயே நின்னிருக்கு, எனக்குத் தெரியல.

குமார் நியூ டவுன்லருந்து வந்து சேர்ற வரைக்கும் ரேவதி மட்டும்தான் என்கூட. மௌமிதா அவகிட்டப் புண்ணைப் பத்திக் கேட்டப்பத்தான் அவளுக்கு விஷயமே தெரிஞ்சுது. அரிசிப் பையைப் பத்தி எல்லாம் சொன்னா. சொல்லி முடிச்சிட்டுச் சுவத்தோட ஒட்டி நின்னா.

குமார் வந்தான். வேர்த்து ஒழுகுது. கேட்டவுடனே அவ மேல பாஞ்சான். "அம்மாவை அரிசியோட சேர்த்து வேக வச்சிருக்கியேடி! கொஞ்சமாச்சும் மண்டையில இருக்கா உனக்கு?"



நான் வண்டியில படுத்துக்கிட்டு, பச்சைச் சட்டை போட்டுவிட்ட கோலத்துல கிடக்கேன். "டேய் குமாரு, அவள ஒரு வார்த்தை சொன்னே, நான் உள்ள போக மாட்டேன்"னேன். "அவ தைச்ச பை மேல ஏறிப் படுத்தது யாரு? நானு. படுக்கக் கூடாதுன்னு சொன்னதைக் கேட்டுக்கிட்டுப் போய்ப் படுத்தது யாரு? நானு. அவளுக்கு இந்தச் சேதியே தெரியாது."

மௌமிதா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா. நான் பேசின தமிழு அவளுக்குப் புரிஞ்சிருக்காது, என் மகன் முகம் புரிஞ்சிருக்கும். அவன்கிட்ட வங்காளியில சொன்னா. "அந்தப் புண்ணு இல்லைன்னா, நான் இன்னைக்கும் பையை வச்சு, வலி குறைஞ்சிருச்சான்னு கேட்டு, குறைஞ்சிருச்சுன்னா சந்தோஷமா வீட்டுக்கு அனுப்பிருப்பேன் அண்ணா. கீழ மரத்திருக்குதான்னு நானும் இத்தனை நாள் கேக்கல."

ரேவதி கிட்ட வந்து என் தாலிக்கொடிக் கருகமணியெல்லாம் கழட்டி முந்தியில முடிஞ்சுக்கிட்டா. வீட்டுக்காரர் போன பின்னயும் நான் அந்தக் கருகமணிய விடல, அது வேற கதை. "நான்தான் அத்தை வச்சேன்"னா மெதுவா. அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சுது. கதவைத் தொறந்து என்னைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

முழிச்சப்ப முதுகு வலிச்சுது. அது கத்தி வச்ச வலி. கீழ ஒண்ணுமில்ல. இடுப்புக்குக் கீழ யாரோ வேறொருத்தி படுத்துக் கிடக்கிற மாதிரி இருந்துச்சு. டாக்டர் வந்து ஊசியால குத்திக் குத்திக் கேப்பாரு, தெரியலம்பேன். மௌமிதா காலையில வேலைக்கு வந்ததும் அவ டிபார்ட்மெண்டுக்குப் போறதுக்கு முன்னாடி வார்டுக்கு ஏறி வருவா, அந்த ரெண்டு கண்ணாடிக் குழாயையும் கொண்டுக்கிட்டு. கண்ணை மூடுங்க மாஷிமாம்பா. நான் காதைத் தீட்டிக்கிட்டுக் கிடப்பேன். சூடா, பச்சையா? தெரியல. சூடா? தெரியலடி.

"பொய்யாவது சொல்லட்டுமா?"ன்னு கேட்டேன் ஒருநா.

"உங்க வாய நம்ப மாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன்ல"ன்னா.

பக்கத்துக் கட்டில்ல ஒரு வங்காளியம்மா கால் ஒடிஞ்சு கிடந்தா. வலி போகணும்னு பொழுதுக்கும் துர்கா துர்காம்பா. நான் பக்கத்துல கிடந்துக்கிட்டு, மீனாட்சி, எனக்குக் கொஞ்சம் வலியக் குடுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு வேண்டுதலும் ஒரே கூரைக்குக் கீழ. மேல இருக்கிறவளுங்க குழம்பிப் போயிருப்பாளுங்க. அவ வலிய எடுத்து எனக்குக் குடுத்திருந்தாக் கணக்கு சரியாப் போயிருக்கும்.

ரேவதி ரசஞ்சோறு பிசைஞ்சு கொண்டாருவா. தலை பின்னி விடுவா. குழாய்ப் பையக்கூட அவதான் காலி பண்ணுவா, ஆயாவை விட மாட்டா. ஆனா பேசறதில்ல. கலகலன்னு பேசறவ. வீட்டுல இட்லியே போடறதில்லம்மா, கொப்பரையைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா ரேவதின்னு குமார் வந்து சொன்னான். அவனே மிரண்டு போயிருந்தான். "அவகிட்டப் பேசுடா"ன்னேன். "நான் பேசினாலும் பேச மாட்டேங்கிறாம்மா"ன்னான். எனக்குக் காலு வரலைன்னா இந்தப் பொண்ணுக்கு வாயும் வராதுன்னு தெரிஞ்சு போச்சு. அதுதான் பெரிய பயம். காலு இல்லாம ஒரு கிழவி கிடந்துட்டுப் போறா. இவ சின்னவ, இன்னும் எத்தனை வருசம் அந்தப் பையத் தூக்கிச் சுமப்பா?

ஒண்ணுக்குக் குழாயோடதான் வீட்டுக்கு அனுப்பினாங்க. நாலு பேரு நாற்காலியில வச்சு மாடி ஏத்தினாங்க. மிதாலி படியில நின்னு பார்த்தா, அன்னைக்குச் சிரிக்கல.

சூட்டுப் புண்ணுக்குக் கட்டு மாத்துறதை நர்ஸுகிட்டக் கத்துக்கிட்டு வந்து ரேவதிதான் மாத்துவா. உப்புத்தண்ணியில நனைச்சு, ஒட்டின துணிய மெல்லப் பிரிச்சு, மருந்து வச்சுக் கட்டணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ பிரிப்பா, நான் டிவி பார்ப்பேன். எனக்கு வலிக்காத புண்ணு, தினம் அவளுக்கு வலிச்சுக்கிட்டு இருந்துச்சு. மூஞ்சியப் பார்த்தாலே தெரியும்.

ஒரு மத்தியானம். கவுந்து கிடக்கேன். கீழ தெருவுல பழைய சாமான்காரன் கத்திக்கிட்டுப் போறான். ரேவதி துணியப் பிரிக்கிறா.

"ஐயோ, எரியுதுடி பாவி!"

இடுக்கி கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. நான் கத்தினது எனக்கே அப்புறந்தான் உறைச்சுது.

"என்ன சொன்னீங்க?"

"எரியுதுன்னேன்."

"எங்க அத்தை?"

நான் திரும்பிப் பார்க்கல. பார்க்கவும் முடியாது. கைய மட்டும் பின்னால கொண்டு போயி, புண்ணோட ஓரத்துல சரியா விரலை வச்சேன்.

"இங்க."

அப்புறம் ஓன்னு ஒரு அழுகை. என் முதுகு மேலயே கவுந்துட்டா. "அடியே, தையல் பிரிஞ்சிரப் போகுதுடி!"ன்னு நான் கத்துறேன், அவ எந்திரிக்கல. "இன்னொரு தரம் தொடு"ன்னேன். மாட்டேன்னா. தொடுடின்னேன். தொட்டா. எரிஞ்சுது. அப்படி ஒரு எரிச்சல், மிளகாய அரைச்சுப் பூசின மாதிரி. ரெண்டு பேருக்கும் அழுகையா சிரிப்பான்னு தெரியல. டிவியில யாரோ யாரையோ திட்டிக்கிட்டு இருந்தாங்க, அது பாட்டுக்கு ஓடுச்சு.

அந்த வாரமே பரண்லருந்து கொப்பரை இறங்கிருச்சு. இட்லிக்கு மட்டும்.

அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. குழாயை எடுத்தாங்க. முதல் தடவை தானா போனப்ப, சொல்லக் கூடாது, பாத்ரூம்லருந்தே ரேவதியக் கூப்பிட்டுச் சொன்னேன். கம்பு ஊனி நடக்கிறேன். மௌமிதாகிட்டப் போறேன். முதுகுத் தசைக்கு இப்பவும் அந்தத் தொட்டிப் பையை வைப்பா, டாக்டரைக் கேட்டுக்கிட்டு, மேல் முதுகுக்கு மட்டும். கண்ணாடிக் குழாய் ரெண்டையும் வச்சுப் பார்க்காம வைக்க மாட்டா. ரேவதியவும் உள்ள கூப்பிட்டுப் பக்கத்துல நிக்க வச்சுச் சொல்லிக் குடுக்கிறா. "கொரம் லாக்ச்சே?"ன்னு கேட்டா, "லாக்ச்சே, போதும்"ங்கிறேன். ஆரோன்னு கேக்கிறதை விட்டுட்டேன்.

எல்லாம் வந்துருச்சுன்னு சொன்னா அது பொய். இடது பாதத்துல வெளி ஓரம் இன்னும் வரல. தினமும் அங்க டீ டம்ளரை வச்சுப் பார்ப்பேன், ரேவதி முதல்ல அவ கையில வச்சுப் பார்த்துட்டுத்தான் தருவா. வரும்னும் சொல்லல, வராதுன்னும் சொல்லல டாக்டரு. வந்தது தங்குமான்னும் யாரும் சத்தியம் பண்ணிக் குடுக்கல. காலையில முழிச்சதும் கண்ணைத் தொறக்குறதுக்கு முன்னாடி காலைத்தான் தேடுவேன்.

ரேவதி என் செருப்புக்குப் பின்னால ஒரு வார் தைச்சுக் குடுத்திருக்கா. மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றப்ப மிதாலி கீழ நின்னுக்கிட்டுச் சத்தம் போடுவா.

"மாஷிமா, ரெண்டு செருப்பும் இருக்கா?"

இருக்குன்னு சொல்வேன். குனிஞ்சு பார்த்துட்டுத்தான் சொல்வேன்.